தூக்கத்தைப் பற்றி ஒரு கட்டாயக் கூட்டம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் பேச்சு உண்டு. பட்டாசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரில் பட்டாசு சிஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சிஸ்டரை விட்டுவிடுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் இரவு டூட்டி, நடுவில் எவளாவது வரவில்லையென்றால் அவளுடைய டூட்டியும் சேர்த்து என்று ஓடிக்கொண்டிருப்பவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

அன்று எனக்குப் பகல் டூட்டி. இரவு முழுக்க வார்டைப் பார்த்துவிட்டு அதை என்னிடம் ஒப்படைக்க வேண்டியவள் மின்னல். அது நாங்கள் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை, ஓட்டம்தான். ஊசி போடுவாள், போட்டது நோயாளிக்கே தெரியாது. 'எப்ப சிஸ்டர் போடுவீங்க?' என்று கேட்பவரிடம் பஞ்சைக் காட்டிச் சிரிப்பாள். இப்போது அந்த மின்னல், கண்ணுக்குக் கீழே கறுப்புப் பை கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

வார்டை ஒப்படைப்பது என்பது வாயால் நடக்கிற வேலை. எழுதி வைத்ததெல்லாம் இருக்கும். இருந்தாலும் படுக்கை படுக்கையாகப் போய், நோயாளியின் முன்னால் நின்று, ராத்திரி எப்படி இருந்தார், என்ன கொடுத்தேன், எதைக் கவனிக்க வேண்டும் என்று போகிறவள் வருகிறவளிடம் சொல்ல வேண்டும். அது முடிந்தால்தான் அவளுக்கு விடுதலை. பல வருஷம் செய்தவளுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. யோசிக்கவே தேவையில்லை. பின்னால் நினைத்துப் பார்த்தபோதுதான், அந்த யோசிக்காத பழக்கம் எவ்வளவு பயங்கரமானது என்று எனக்கு உறைத்தது.

முதல் வரிசையை முடித்து ஜன்னல் பக்கம் திரும்பினோம். எட்டாம் படுக்கைக்காரர் காபி எப்போது வரும் என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மின்னல் ஒன்பதாம் படுக்கையின் கால்மாட்டில் போய் நின்றாள்.

"ஒன்பது. வாத்தியார். ராத்திரி ஒரு தடவை வாந்தி, அதுக்கு ஊசி போட்டாச்சு. பிரஷர் கொஞ்சம் கம்மி, ஆனா நிக்குது. யூரின் பரவாயில்ல. விடிகாலைலதான் நல்லா தூங்க ஆரம்பிச்சாரு. எழுப்ப வேண்டாம்க்கா."

படுக்கை காலி. புதிய வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது. தலையணை உறைகூட மாற்றியாகிவிட்டது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் போன வாரமே இறந்துவிட்டார். இறந்தது மின்னலின் டூட்டியில். கண்ணை மூடிவிட்டதும், உடம்பைத் துடைத்து வெள்ளைத் துணி சுற்றியதும் அவள்தான்.

பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள், பாவம். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். மின்னல் அதற்குள் பத்தாம் படுக்கைக்கு நகர்ந்துவிட்டாள்.

எங்கள் நேரம், மேட்ரன் அப்போது வார்டுக்குள் நின்றிருந்தார். நர்சுகள் எல்லோருக்கும் தலைவி அவர். யாருக்கு எந்த டூட்டி என்று போடுகிறவரும் அவரே. அன்று ஆஸ்பத்திரியில் 'ஊழியர் மனநல நாள்'. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று திரைச்சீலையெல்லாம் நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"என்னம்மா சொல்ற? யாரு தூங்கறா ஒன்பதுல?"

மின்னல் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை விரிப்பைப் பார்த்தாள். 

"செத்துப்போனவருக்குப் பிரஷர் பார்த்தியா? உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? உன்னை நம்பி எப்படி வார்டை விடறது?"

"மேடம், அசதியில வாய் தவறிடுச்சு. உயிரோட இருக்கறவங்க ரிப்போர்ட் எல்லாம் சரியா சொல்லியிருக்கா. நான் பார்த்துட்டேன்" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. உன்னைக் கேட்டா சொல்லு." என் பக்கம் திரும்பக்கூட இல்லை, மின்னலைப் பார்த்தே சொன்னார். "பதினோரு மணிக் கூட்டம் முடிஞ்சதும் என் ரூமுக்கு வா. மனநிலை சரியில்லைன்னு நிர்வாகத்துக்கு எழுதிடறேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதானே உருளும்?"

போகிற போக்கில் ஒரு மேஜையில் விரலால் தேய்த்துத் தூசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

மனநிலை சரியில்லை என்று ஒரு நர்சைப் பற்றி எழுதிவிட்டால் அவ்வளவுதான். இந்த ஆஸ்பத்திரி வெளியே அனுப்பும், வேறு எந்த ஆஸ்பத்திரியும் வாசலில் சேர்க்காது. மின்னலின் புருஷன் முதுகெலும்பில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். சின்னதாக ஒரு பெண் குழந்தை. மாமியார். அத்தனை பேர் சோறும் இவள் சம்பளம்தான். அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

அவளைத் துணிகள் அடுக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"தெரியும்க்கா. அவர் போயிட்டாருன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே மூடினேன். ஒன்பதுன்னு வந்ததும் வாய் தானா ஓடிடுச்சு." அழவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். "அன்னிக்கு அவர் கையைப் பிடிச்சுட்டு ஒரு நிமிஷம் நிக்கணும்னு நினைச்சேன்க்கா. பதினொண்ணாம் பெட்ல டிரிப்ஸ் தீர்ந்து மிஷின் கத்துது. போயிட்டேன். திரும்பி வந்தா முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட ஒழுங்கா தூங்கல."

"வீட்டுக்குப் போய்ப் படுக்கறதில்லையா?"

"படுக்கறேன். கண்ணை மூடினா காதுல அந்த மிஷின் கத்துது. எழுந்து உக்காந்துடறேன். பாப்பா பக்கத்துல தூங்கும். நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்ப்பேன். பார்த்துட்டே இருப்பேன்க்கா. கண்ணை எடுத்தா நின்னுடுமோன்னு பயம். அப்புறம் மாமியார் வந்து, பட்டப்பகல்ல கதவைச் சாத்திட்டு என்ன படுக்கைன்னு கேப்பாங்க. பக்கத்து வீட்ல சுவரை உடைச்சுட்டிருக்காங்க. அதுக்குள்ள மேடம் போன் பண்ணிடுவாங்க, இன்னிக்கும் நைட் வந்துடுன்னு."

"முடியாதுன்னு சொல்றதுக்கென்ன?"

"நீ சொல்லியிருக்கியாக்கா?"

சொன்னதில்லை. எங்களில் யாரும் சொன்னதில்லை. எங்கள் தொழிலில் ஒரு வார்த்தை இருக்கிறது: 'நான் வரேன்.' ஒருத்தி விழுந்துவிட்டால் மேட்ரன் கேட்பார், யார் வருகிறீர்கள் என்று. சிறிது நேரம் எல்லோரும் தரையைப் பார்ப்போம். அப்புறம் யாராவது ஒருத்திக்கு வார்டில் கிடப்பவர்களின் முகம் ஞாபகம் வந்துவிடும். இருமுகிற கிழவர், புரட்டிப் போட ஆளில்லாத அம்மா. 'நான் வரேன் மேடம்.' பாதி நாள் அந்த ஒருத்தி நான்தான். பட்டாசாம் பட்டாசு. மேட்ரன் முன்னால் நமத்துப்போன பட்டாசு.

இரவு டூட்டி முடித்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது, பதினோரு மணிக்குக் கூட்டம், கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. கூட்டத்தின் தலைப்பைக் கேட்டால் வயிறு எரியும். 'நல்ல உறக்கமே நல்ல மனம்'. ராத்திரி பூராவும் கண் விழித்தவர்களைத் தூங்கப் போகவிடாமல் பிடித்து உட்கார வைத்துத் தூக்கத்தின் அருமையைச் சொல்லித் தரப் போகிறார்கள். இதை யோசித்தவரைப் பிடித்து அதே ஹாலில் ஒரு வாரம் நிற்க வைக்க வேண்டும்.

பகல் டூட்டியிலிருந்து வார்டுக்கு ஒருத்தியை அனுப்பச் சொன்னார்கள். நான் போகிறேன் என்றேன். மின்னலைத் தனியாக விட மனமில்லை.

ஹாலில் குளிர்சாதனம் வைத்துத் தள்ளியிருந்தார்கள். மெத்து மெத்தென்ற நாற்காலிகள். மேடையில் நீல நிறத்தில் பெரிய திரை, அதில் நிலா, நிலாவுக்குக் கீழே வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கும் ஒரு அழகி. முன்வரிசையில் நிர்வாக அதிகாரி, பக்கத்தில் மேட்ரன். நாங்கள் படத்தில் நன்றாகத் தெரியும்படி எங்களை அவர்களுக்கு நேர் பின்னால் உட்கார வைத்தார்கள். போட்டோக்காரர் ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

பேச வந்தவர் நல்ல மனிதர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யாரோ கூப்பிட்டார்கள், வந்தார், தெரிந்ததைச் சொன்னார்.

"தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்க. ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க. ரூம் இருட்டா, அமைதியா இருக்கணும். போனை அணைச்சு வெச்சுடுங்க."

எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள்: "அணைச்சு வெச்சா அடுத்த மாசம் பூரா நைட்டு." அந்த வரிசை முழுக்க அடக்கிச் சிரித்தது. மேட்ரன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு செத்தது.

"தொடர்ந்து தூக்கம் கெட்டவங்க மூளை, குடிச்சவங்க மூளை மாதிரிதான் வேலை செய்யும். மறதி வரும். நடந்தது நடக்காதது குழம்பும். காரணமில்லாம அழுகை வரும். இது பைத்தியம் கிடையாது. தூங்க விட்டா பெரும்பாலும் சரியாகிடும்" என்றார் பேச வந்தவர்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கை தூக்கிக் கேட்க வேண்டும் என்ற மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று.

"சார், ஒரே நேரத்துக்குப் படுக்கச் சொல்றீங்க. எந்த நேரத்துக்குன்னு கொஞ்சம் மேடத்தைக் கேட்டுச் சொல்லுங்க."



"உக்காரும்மா. கேள்வி நேரம் கடைசிலதான்" என்றார் மேட்ரன்.

"தூங்காதவங்க குடிச்சவங்க மாதிரின்னு சார் சொல்லிட்டாரு. அப்ப இந்த ஆஸ்பத்திரி குடிச்சவங்க கையில ஊசியைக் குடுத்து வார்டுக்குள்ள அனுப்பிட்டிருக்கு. நோயாளிங்களுக்குத் தெரியுமா மேடம் இது?"

பேச வந்தவர் மைக்கைக் கீழே இறக்கினார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அமைதியில்தான் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. குறட்டை. மின்னல் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, உலகத்தையே மறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரும், மெத்தை நாற்காலியும், திரைக்காகக் குறைத்த வெளிச்சமும், யாரோ ஒருவருடைய ஒரே மாதிரியான பேச்சும் சேர்ந்து ஒரு வாரத்துத் தூக்கத்தை அவள் மேல் கொண்டுவந்து கொட்டிவிட்டன.

போட்டோக்காரர் பழக்க தோஷத்தில் கேமராவைத் தூக்கினார். நான் பார்த்த பார்வையில் இறக்கிவிட்டார்.

மேட்ரனின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து எங்கள் வரிசைக்குள் வந்தார். "எழுப்பு அவளை. மானம் போகுது."

"தொடாதீங்க."

"என்ன?"

"தொடாதீங்கன்னேன்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இத்தனை நாள்ல அவளுக்கு நாம பண்ணின ஒரே நல்ல காரியம் இதுதான். தூங்கட்டும்."

"காலைல பார்த்தேன் இவ லட்சணத்தை! செத்தவருக்கு ரிப்போர்ட் குடுக்கறா. இவளைப் பத்தி நான் எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க மேடம். கூடவே இவளுக்கு யாரு விடாம நைட் போட்டாங்கன்னும் எழுதுங்க. ஒரு உயிர் போச்சு, உக்காந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவாவது இவளுக்கு நேரம் குடுத்தோமான்னும் எழுதுங்க."

"ஆள் இல்லம்மா! ஆள் இல்லாம நான் என்ன பண்ணட்டும்? என் இடுப்புலேருந்து எடுத்தா குடுக்க முடியும்?"

அப்போது நிர்வாக அதிகாரி திரும்பினார். கோபமே இல்லை அவரிடம். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"ஆள் பத்தலைன்னு எனக்கு யாருமே சொல்லலையே? ஒரு நைட்கூட ஆளில்லாம நின்னதில்லையே. எல்லாம் ஓடிட்டுத்தானே இருக்கு?"

யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் முதுகில் ஓடுகிறது. நாங்கள் ஒவ்வொரு முறை 'நான் வரேன்' என்று சொன்னபோதும், இந்த மனிதரின் மேஜையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. கருணை என்று நினைத்துக்கொண்டு செய்தோம். அதையே எங்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். அந்த நொடியில் அவர் மேல் வந்த கோபத்தைவிட எங்கள் மேல் வந்த கோபம் பெரிது.

மேட்ரன் அதிகாரியின் முன்னால் குறையைப் பெரிதாக்க விரும்பவில்லை. குரலை மாற்றிக்கொண்டார். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார். சரி, இவ இன்னிக்கு ரெஸ்ட் எடுத்துக்கட்டும். இன்னிக்கு நைட் இவ வார்டுக்கு யாரு வரீங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு வார்டு கண்ணுக்குள் வந்தது. காபி கேட்டவர், பதினொன்றில் டிரிப்ஸ் ஓடுகிறவர், ஒவ்வொரு முகமாக வந்தது. நாக்கு நுனியில் வார்த்தை தயாராக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்து வரிசையில் இருந்தவள் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவள் தனக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை.

"என்ன, யாருமே இல்லையா? நோயாளிங்களை நினைச்சுப் பாருங்கம்மா. மனசாட்சி இல்லையா உங்களுக்கு?"

அது எப்போதும் பலிக்கிற மந்திரம். அன்று பலிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அதற்குள் என் பக்கத்தில் ஒரு கை மெதுவாக மேலே போனது.

"நான் வரேன் மேடம்."

மின்னல். கண் திறக்கவே இல்லை. தலை இன்னும் பின்னால் சாய்ந்துதான் கிடந்தது. தூக்கத்துக்குள்ளிருந்து அந்தக் கை மட்டும் எழுந்து நின்றது.

நான் அவள் கையைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தேன். மறுபடியும் எழுந்தது. "நான் வரேன்." மறுபடி இறக்கினேன். இந்த முறை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது எனக்கு. துக்கமில்லை, ஆத்திரம்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "அதான் ஒருத்தங்க வரேங்கறாங்களே. அப்புறம் என்ன பிரச்சினை?"

"அவ தூங்கறா சார்!" ஹாலின் கடைசியிலிருந்து ஒரு குரல் கத்தியது. யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேட்ரன் நின்ற இடத்திலேயே நின்றார். என் கைகளுக்குள் இருந்த மின்னலின் கையைப் பார்த்தார். அது இன்னும் மேலே போகத் துடித்துக்கொண்டிருந்தது. அவரும் ஒரு காலத்தில் வார்டில் ஓடினவர்தானே. எத்தனை தடவை அவர் கை இப்படி எழுந்திருக்குமோ. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இல்ல சார்" என்றார். "இவ வர மாட்டா. இன்னிக்கு நைட்டுக்கு என்கிட்ட ஆள் இல்ல."

"என்ன சொல்றீங்க? முன்னெல்லாம்..."

"முன்னெல்லாம் இதுங்க உயிரைக் குடுத்து ஓட்டினாங்க. இனிமே என்னால கேக்க முடியாது. ஆள் இல்லைன்னு இன்னிக்கே எழுத்துல தரேன். இந்தப் பொண்ணைப் பத்தி எதுவும் எழுதல."

அதிகாரி ஒரு கணம் எங்கள் எல்லோரையும் பார்த்தார். அத்தனை வெள்ளை உடுப்பு, அத்தனை மூடிய வாய். சலித்துக்கொண்டே போனை எடுத்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ஆமா, இன்னிக்கு நைட்டுக்கு ஒரு சிஸ்டர் அனுப்புங்க. இல்ல, ரெண்டு பேரா அனுப்புங்க. இந்த வாரம் பூரா." போனைப் பையில் போட்டார். "ஆச்சு. சிஸ்டர் அனுப்பற கம்பெனிலேருந்து வருவாங்க" என்றார்.

அவ்வளவுதான். ஒரே ஒரு போன். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் எங்கள் கண்ணிலிருந்து பிடுங்கின தூக்கமெல்லாம், வாத்தியாரின் கையைப் பிடிக்க முடியாமல் போன அந்த ஒரு நிமிஷமும், இந்த ஆள் ஒரு போன் போட்டிருந்தால் எங்களுக்கே இருந்திருக்கும். மேட்ரன் கேட்டிருந்தால் போட்டிருப்பார். நாங்கள் 'நான் வரேன்' என்று சொல்லாமல் வாயை மூடியிருந்தால் மேட்ரன் கேட்டிருப்பார். எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

பேச வந்தவர் மடிக்கணினியை மூடினார். நிலாவும் அழகியும் அணைந்தார்கள். யாரும் சொல்லாமலே ஒருத்தி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். சத்தம் போடாமல் எல்லோரும் வெளியே போனோம். மேட்ரன் கடைசியாக வந்தார். தன் தோளில் இருந்த சால்வையை மின்னல் மேல் போட்டுவிட்டு வந்ததைப் பார்த்தேன். நான் அதற்காக அவரை மன்னிக்கவில்லை. அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பகல் டூட்டியில் கூட இருந்தவளிடம் வார்டைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து ஹால் வாசலில் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். மதியம் கோட்டும் டையுமாக நாலு பேர் வந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஹாலை அவர்கள் பேரில் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

"உள்ள ஒரு சிஸ்டர் தூங்கறாங்க. வெளியில நில்லுங்க" என்றேன்.

"எவ்வளவு நேரமாகும்?"

"தெரியாது. அவங்களா எழுந்திருக்கற வரைக்கும்."